உறை போட்ட வலை

காலை ஏழு மணிக்கே சல்லடைக்காரர் வீட்டு வாசலில் செக்கர் மாமாவின் கார் வந்து நின்றது. தெருவில் நாலு ஜன்னல்கள் திறந்தன. காற்றுக்காகத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

போன வாரம் ஊரில் இல்லாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

சல்லடைக்காரருக்கு அறுபத்திரண்டு வயது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. மாவு மில், மருந்துக் கம்பெனி, பெயின்ட் கம்பெனி எல்லோருக்கும் கம்பி வலை பின்னிக் கொடுக்கிறார். ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ஆள்தான் இளைத்துக்கொண்டே போகிறார். மூன்று மாதத்துக்கு முன்னால் ரொட்டியின் ஓரம் நெஞ்சுக்கு நடுவில் நின்றது. அப்புறம் சோறு நின்றது. அப்புறம் குழைத்த சோறு. இப்போது ஒரு தம்ளர் தண்ணீர் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகிறது. அதிலும் பாதி திரும்பி வந்துவிடுகிறது. எச்சில் விழுங்க முடியாமல், மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்.

போன வாரம் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டரம்மா, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, மனைவியையும் மகளையும் கூப்பிட்டுச் சொன்னார். உணவுக்குழாயில் புற்றுநோய். ஈரல் வரைக்கும் போயாயிற்று. கத்தி வைத்துப் பயனில்லை. ஆனால் அடைத்த இடத்தில் ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாய் ஒன்றை வைத்துவிட்டால் விழுங்குவது சுலபமாகும். நோய் இருந்த இடத்தில் இருக்கும், சாப்பாடு போகிற வழியில் போகும். அவ்வளவுதான் அதனால் ஆகக்கூடியது.

மனைவி வெளியே வந்து, அவர் கண்ணில் படாத ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர், எழுந்திருப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மகளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான்: உள்ளே ஒரு புண் இருந்தது, ஆறிவிட்டது, ஆறின தழும்பு இறுகிப்போய்க் குழாயைச் சுருக்கிவிட்டது.

அவர் ஒன்றும் பயந்த மனிதர் இல்லையே, எதற்கு இந்தப் பொய் என்று கேட்பீர்கள். பட்டறைச் சட்டம்தான் காரணம். அவர் பட்டறையில் கிழிந்த வலைக்கு ஒட்டுப் போடுவது கிடையாது. முப்பத்தைந்து வருஷமாகக் கிடையாது. ஒரே ஒரு கம்பி அறுந்தாலும் சட்டத்திலிருந்து முழு வலையையும் உருவி மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார். மில்காரர் கெஞ்சினாலும் கேட்கமாட்டார். ஒட்டுப் போட்ட இடத்தில் எது புகுந்து போகும் என்று தனக்கே தெரியாது என்று கையை விரித்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் உடம்பு சரியாகப் போவதில்லை, அடைப்புக்கு மட்டும் ஒரு வலை வைக்கிறோம் என்றால் என்ன செய்வார்? வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று எழுந்து வந்துவிடுவார். அப்புறம் தண்ணீரும் இறங்காது. அந்த அம்மாவின் பயம் அதுதான்.

மகளுக்குத் தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் கவுண்ட்டர். ஊரார் ரகசியத்தை எடை போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி அனுப்பிப் பழக்கப்பட்டவள். சொந்த வீட்டு ரகசியம் மட்டும் கையில் நிற்கவில்லை. ஒரு வாரமாக அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப் பையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் டாக்டரம்மா வேறு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"அவரா கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். கேக்காத வரைக்கும் நானா போய் ஆரம்பிக்கவும் மாட்டேன். ஆனா கையெழுத்து அவர்தான் போடணும்."

ஆக, இன்றைய வேலை ஒன்றே ஒன்று. பதினோரு மணிக்கு டாக்டரம்மா அறைக்குள் நுழைவதிலிருந்து கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை சல்லடைக்காரரைக் கேள்வி கேட்கவிடக் கூடாது. படிவத்தில் என்ன எழுதியிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். பார்சல் கொண்டுவருகிற ஆளை வாசலில் நிற்க வைத்து, அந்தப் பையின் நைலான் எப்படிப் பின்னப்பட்டது என்று விசாரிக்கிற மனிதர் அவர். தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து பள்ளம் தோண்டினார்களே, அன்றைக்கு ரிப்பேர் செய்ய வந்தவர்களைவிட அதிக நேரம் பள்ளத்துக்குள் இருந்தவர் இவர்தான்.

செக்கர் மாமா சல்லடைக்காரர் மனைவியின் தம்பி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், பார்வைக்கு இல்லை. எதிரில் வருகிறவர் எல்லாம் டிக்கெட் எடுக்காதவர் என்றே இன்னமும் அவருக்குத் தோன்றும். சமையலறையில் நின்று அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் திட்டத்தை விளக்கினார். அத்தான் வாயைத் திறந்தால் உடனே காரை எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்ற பேச்சை எடுக்க வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் தான் பலமாக இருமப்போவதாகச் சொன்னார். அதையும் மீறினால் மயக்கம் வந்ததுபோல் நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

"மாமா, ஆஸ்பத்திரியில மயக்கம் போட்டா நிஜமாவே படுக்க வெச்சிருவாங்க" என்றாள் மகள்.

மாமா அந்தக் கட்டத்தை மட்டும் மறுபரிசீலனை செய்வதாக ஒத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டில், ஆறு மணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த அம்மா அதைப் படித்துவிட்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். வீட்டில் மூன்று வாரமாக நடப்பது அதுதானே.

மகள் அப்பாவைக் கூப்பிடப் பட்டறைக்குப் போனாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இது புதுசு. தட்டியதும் திறந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில், கையெல்லாம் மாவு. மேஜை மேல் ஈரத்துணி போர்த்தி ஏதோ இருந்தது. புளித்த வாடை அடித்தது. என்ன என்று கேட்டாள். ஒரு டெஸ்ட், இன்னும் முடியவில்லை என்று சொல்லி, ஈரத்துணியோடு அப்படியே தூக்கித் தன் துணிப்பைக்குள் இறக்கிக்கொண்டார். சல்லடையை மாவு போட்டுத்தான் சோதிப்பார்கள் என்பதால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் தெரு முனை ரொட்டிக் கடைக்காரர் கேட்டிருந்தார். விடிகாலை ஐந்து மணிக்குச் சல்லடைக்காரர் கடைக்கு வந்து, புளிக்க வைத்த மாவில் இரண்டு உருண்டை வாங்கிப் போயிருக்கிறார். தண்ணீரே இறங்காத மனிதருக்கு ரொட்டி மாவு எதற்கு என்று ரொட்டிக்காரருக்கு ஒரே குழப்பம். காலையிலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

*

டாக்டரம்மா அறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. செக்கர் மாமா பார்த்தார். ஊரே பார்த்த மாதிரிதான்.

உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம், படுக்கைக்குப் பதிவு செய்யவேண்டும் என்று நர்ஸ் வந்து அந்த அம்மாவைக் கவுண்ட்டருக்குக் கூப்பிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் தம்பியைப் பார்த்து ஒரு பார்வை. கோட்டையை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்கிற பார்வை. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து மாதிரி ஸ்டென்ட் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். முக்கால் சாண் நீளம். கட்டைவிரல் தாராளமாக நுழையும் அகலம். இரண்டு முனையும் புனல் வாய்போல் விரிந்திருந்தன. மெல்லிய கம்பியால் பின்னின வலை, அதன் மேல் கண்ணாடிபோல் ஒரு தோல்.

சல்லடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். எச்சில் டப்பாவைக் கீழே வைத்தார். ஸ்டென்ட்டை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ரத்தம் ஓடியது என்று மாமா சொல்கிறார். மாமா மிகைப்படுத்துகிறவர்தான், ஆனாலும் இதை நம்பலாம்.

அமுக்கினார், சுருங்கியது. விட்டார், மெல்ல விரிந்தது. மறுபடி அமுக்கினார்.

இதை இப்படியே உள்ளே தள்ளுவார்களா என்று கேட்டார். மாமா உடனே காரை வெயிலில் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. டாக்டரம்மா ஆர்வமாகவே பதில் சொன்னார். இதைச் சுருக்கி ஒரு மெல்லிய குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். கேமராவில் பார்த்துக்கொண்டே அடைப்பு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், மேல் குழாயை உருவிவிடுவார்கள். உடம்புச் சூட்டில் கம்பி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஒரேயடியாக விரியாது, ஒரு நாள், இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

ஒரே கம்பியில் பின்னினதா, பல கம்பியா என்று அடுத்த கேள்வி. டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். சல்லடைக்காரர் நகத்தால் வலையின் கண்களைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதோ, முடிச்சு இங்க இருக்கு. ஒரே கம்பி. கெட்டிக்காரன் வேலை."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு முடிச்சைப் பார்த்தார். மகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்பா கம்பியோடு நின்றுவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தாள்.

"இந்தத் தோலு எதுக்கும்மா? வலைதானே தாங்குது?"

மாமா இருமினார். நல்ல இருமல். பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்தினார்களாம்.

டாக்டரம்மா மகளை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இதில் பல ரகம் இருக்கிறது. உறை இல்லாத வெறும் வலை சதையை நன்றாகக் கவ்விக்கொள்ளும், நழுவாது. ஆனால் வலைக் கண் வழியாக உள்ளே வந்து மறுபடியும் அடைத்துவிடலாம். உறை போட்டால் அப்படி வராது, ஆனால் வலை இடம்விட்டு நழுவக்கூடும்.

"உள்ள எது வரும்?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். அதற்குள் மாமா முந்திக்கொண்டு, "சளிதான் அத்தான், வேற என்ன" என்றார்.

சல்லடைக்காரர் திரும்பி மச்சானைப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஏறினவனைப் பார்க்கிற பார்வை. முப்பது வருஷம் மற்றவர்களை அப்படிப் பார்த்தவருக்கு, அது தன் மேல் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

துணிப்பையை மடியில் தூக்கி வைத்து, ஈரத்துணியைப் பிரித்தார். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் இரண்டு. அவற்றை டாக்டரம்மாவின் மேஜை மேல் நிறுத்தினார்.

இரண்டுக்குள்ளும் உட்சுவர் நெடுக ரொட்டி மாவு அப்பியிருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும், அவரே பின்னின ஒரு கம்பிவலைக் குழாய். ஸ்டென்ட்டைப் பற்றி வாய் வார்த்தையாகக் கேட்டதை வைத்தே, கண்ணால் பார்க்காமல் பின்னியிருக்கிறார். முதல் குழாயில் வெறும் வலை. காலை ஐந்து மணியிலிருந்து புளித்துப் பொங்கின மாவு, வலைக் கண் ஒவ்வொன்றின் வழியாகவும் மொட்டு மொட்டாக உள்ளே பிதுங்கி, நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில்கூட நுழையாது. இரண்டாவது குழாயில் வலையைச் சுற்றி மெல்லிய பாலிதீன் தாள். அங்கே வழி சுத்தமாகத் திறந்திருந்தது. அதைக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்தார். வலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்து மேஜை மேல் விழுந்தது.

"நீங்க சொன்னது ரெண்டும் சரிதாம்மா" என்றார் டாக்டரம்மாவிடம். "வெறும் வலைன்னா ஊடுருவுது. உறை போட்டா நழுவுது."

மகள் அந்தப் பிதுங்கின மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சல்லடையைச் சோதிக்க உலர்ந்த மாவுதான் போடுவார்கள். இது பொங்குகிற மாவு. வளர்கிற மாவு.

"அப்பா" என்றாள்.

"தழும்பு வளராது. தழும்புதான்னு நான் நம்பியிருந்தா சிமெண்டைக் குழைச்சு வெச்சிருப்பேன்."

அவள் ஒரு வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போது தெரிந்தது என்று கேட்டாள்.

"உங்கம்மா எட்டு நாளா என்னைத் திட்டல. கல்யாணம் ஆன நாள்லேருந்து சேந்தாப்ல ரெண்டு நாள் அப்படி இருந்ததில்ல. அப்பவே உள்ள என்னமோ பெருசா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பி, நோயின் பேரைச் சொல்லி, அதுதானே என்று கேட்டார். டாக்டரம்மா ஆமாம் என்றார். இந்த வலை அதைக் குறைக்குமா என்று கேட்டார். குறைக்காது என்றார். பிறகு இருவரும், ஏதோ ஒரு மெஷினை எந்த இடத்தில் பொருத்துவது என்று பேசிக்கொள்கிற இரண்டு மேஸ்திரிகளைப்போல, முழுசாகப் பேசி முடித்தார்கள். முதல் இரண்டு நாள் நெஞ்சில் வலி இருக்கும். முதலில் தண்ணீர், பிறகு கூழ், பிறகு நன்றாக மசித்த சாப்பாடு. காய்ந்த ரொட்டியும் நார் நாரான இறைச்சியும் ஆகாது, வலைக்குள் சிக்கிக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக மென்று, நடுநடுவே ஏதாவது குடித்துக் கழுவி விட வேண்டும். நழுவலாம், மறுபடி அடைக்கலாம், எப்போதாவது ரத்தம் கசியலாம். அப்படி ஆனால் திரும்ப வர வேண்டும்.

"உங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வெக்கலாம்னு நினைச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "நடுவுல உறை இருக்கும். ரெண்டு முனையும் வெறும் வலை."

சல்லடைக்காரர் மேஜையில் விழுந்து கிடந்த தன் வலையைப் பார்த்தார்.

"முனை கவ்விக்கும். நடுவுல எதுவும் நுழையாது. யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க."

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. பத்து நிமிஷம் வேண்டும் என்று எழுந்து, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

*

தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்த இயந்திரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா பயந்தது நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது வேண்டாம் என்று சொல்லப் போகிறார்.

"நீங்க ஒட்டுப் போடவே மாட்டீங்களேப்பா" என்றாள்.

"அது விக்கிற சரக்குக்கு. அடுத்தவன் நம்பி வாங்கறான், அதுக்குப் பொய் சொல்லக் கூடாது. இதை நான் யாருக்கும் விக்கப்போறதில்லையே."

டப்பாவைத் திறந்து துப்பிவிட்டு மூடினார். அந்த இடைவெளியில்கூட அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஏனென்றால் அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னது வேறு ஏதோ பேச்சுபோல ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் தன் எதிர் நாற்காலி மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது என்றார். தான் விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அம்மாவால் சாப்பிட முடியவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால், பாத்திரம் சத்தம் போடாமல், நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொள்கிறாள். தனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

"அவ உக்காந்து சாப்பிடணும்னா, நான் எதுத்தாப்ல உக்காந்து எதையாவது முழுங்கியாகணும். வேற வழி எனக்குத் தெரியல."

மகள் தலையை ஆட்டினாள்.

"இன்னொண்ணு. எனக்குத் தெரியும்னு உங்கம்மாகிட்ட சொல்லாத. தழும்பு, இறுகிப்போச்சுன்னு கஷ்டப்பட்டு ஒரு கதை கட்டி வெச்சிருக்கா. கெடுக்காத."

இரண்டாவது சத்தியம். முதல் சத்தியம் வாங்கினவர் கவுண்ட்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அறைக்குள் திரும்பியதும் மச்சானிடமும் அதே சத்தியம் வாங்கப்பட்டது. மாமா நெஞ்சைத் தொட்டு உறுதி சொன்னார். விஷயம் ரொட்டிக்காரர் வரைக்கும் வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் இன்னும் போகவில்லை என்கிற அளவில் அந்த உறுதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

சல்லடைக்காரர் சம்மதப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

*

இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அரை மணி நேரம்தான் ஆகும் என்றார்கள். அந்த அரை மணி நேரத்தில் செக்கர் மாமா தன் உத்தியோக காலத்தில் பிடித்த பதினேழு பேரைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா பதினேழு பேருக்கும் ஊம் கொட்டினார். ஒருவர் கதையும் காதில் விழவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, நினைத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே, இடுப்பில் கொஞ்சம் ஒடுங்கின வலை நின்றது.

மயக்கம் தெளிந்து கண் விழித்தவர் முதலில் கையை நெஞ்சில் வைத்தார். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். உள்ளேயிருந்து யாரோ இரண்டு முழங்கையையும் அகட்டி இடம் பிடிக்கிறதுபோல் இருக்கிறது என்றார். வலிக்கு ஊசி போட்டார்கள். ஊசி போடும்போதும் அவர் கவனம் ஊசியில் இல்லை. "விரியுது" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஆறு மணிக்குக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார். எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கூடப் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

விழுங்கினார். டப்பாவைக் கையில் எடுத்து, தண்ணீர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். பழக்கம். ஒரு நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. பிறகு தம்ளரை அவர் கையிலேயே கொடுத்தார்கள். சின்னச் சின்ன மிடறாகப் பாதித் தம்ளர் குடித்தார். முக்கால் மணி நேரம் ஆகவில்லை. நாலு நிமிஷம் ஆயிற்று. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமே இல்லாமப் போகுது" என்றார், தனக்குத்தானே.

மனைவி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா கீழேயிருந்து வாங்கி வந்திருந்த பன் ஜன்னலோரம் பொட்டலத்தில் கிடந்தது. மத்தியானத்திலிருந்து கிடக்கிறது.

"நீ அதைச் சாப்பிடு" என்றார் அவர்.

அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னார் மனைவி. பசி இல்லை என்றார். கீழே ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டதாக வேறு சேர்த்துக்கொண்டார். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காலால் கட்டிலுக்கடியில் இருந்த ஸ்டூலை மெல்ல வெளியே தள்ளினார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து, பன்னைப் பிய்த்து, தரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் ஒரு வாய் போட்டால் இவர் ஒரு மிடறு குடித்தார். பன் முடிகிறவரைக்கும் அப்படியே நடந்தது. இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்த மாமாவை, மகள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டாள். புத்திசாலிப் பெண்.

அவள் திரும்பி வந்தபோது அம்மா தம்ளரைக் கழுவப் போயிருந்தார். அப்பா கண்ணைக் காட்டிப் பக்கத்தில் வரச் சொன்னார்.

நாளைக் காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா வார்டுக்கு வருவார் என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னார். அந்த நேரத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அம்மாவை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. இன்னிக்கு மச்சான் இருந்ததால கேக்கல. எத்தனை நாள்னு தெரிஞ்சா, பட்டறையில எந்த ஆர்டரை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாதுன்னு ஒரு முடிவுக்கு வரலாம்."

அவள் சரி என்றாள். அம்மா தம்ளரோடு ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கப் போவதுபோல் வெளியே வந்தாள்.

அம்மா கைகழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தம்ளர் கழுவியாயிற்று. கையில் ஆஸ்பத்திரிக் கோப்பு. எக்ஸ்ரே எடுத்தபோது அவரிடம் கொடுத்து வைத்தது. அதிலிருந்து ஒரு தாளை உருவி, எழுத்து தெரிகிற தூரத்தில் நீட்டிப் பிடித்திருந்தார். நோயின் பெயர் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே கையெழுத்து.

"அம்மா, அது வந்து..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"பாத்தேன். அவர் கையெழுத்துதான். பிழை திருத்தமும் அவருதுதான்."

தாளைக் கோப்புக்குள் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார். நிதானமாகத்தான் இருந்தார். அழவில்லை.

"நான் பாத்தேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். தெரியாத மாதிரி இருக்கறதுல அவருக்கு என்னமோ ஒரு நிம்மதி இருக்கு போல. இருந்துட்டுப் போகட்டும்."

மூன்றாவது சத்தியத்துக்கும் மகள் தலையாட்டினாள். அம்மா தம்ளரை உதறிவிட்டு வார்டை நோக்கி இரண்டடி வைத்தவர், நின்று திரும்பினார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு டாக்டர் வருவாங்களாம். நடக்கப் பழகணும்னு சொல்லி உங்கப்பாவைக் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போ. எனக்கு அவங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"எத்தனை நாள்னு."

அம்மா உள்ளே போய்விட்டார். மகள் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், கழுவ ஒன்றும் இல்லாத கையை. அப்பாவும் டாக்டரிடம் கேட்கப் போகிறார், அம்மாவும் டாக்டரிடம் கேட்கப் போகிறார். அவளிடம் கேட்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

போன வாரம், அம்மா அறையைவிட்டு எழுந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, அவள் வாசல்வரை வந்தவள் தனியாகத் திரும்பி உள்ளே போய் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள். டாக்டரம்மா பதிலும் சொல்லியிருந்தார்.